மாசிச் செதுக்கு

தம்பி,

நேற்று போனில் நீ கேட்டதற்கு "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். நீ சைக்கிள் கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன், கல்லூரியில் டூர் போகக் கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். இரண்டு தடவையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். இப்போது சிங்கப்பூரில் இருந்துகொண்டு முகத்தைத் தூக்கினால் தெரியாதென்று நினைக்காதே, குரலிலேயே தெரிகிறது. வைகாசியில் உன் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாணவேடிக்கை வேண்டும், கூட்டாளிகள் வெடிக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று, ஊரில் ஒரு வார்த்தை சொல்லி அனுமதி வாங்கிவிடும்மா என்றாய். மாசி பிறந்துவிட்டால், ஆற்றில் தண்ணீர் வரும்வரை நம் ஊரில் யார் வீட்டு விசேஷத்துக்கும் வெடி கிடையாது. உன் அப்பா முன்னால் நின்று கொண்டுவந்த கட்டுப்பாடு அது. "ஒரே ஒரு நாள்தானேம்மா" என்றாய்.

நீ கேட்டதற்காக நான் கேட்காமலும் இல்லை. சாயங்காலமே மாரிமுத்துச் சித்தப்பாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அண்ணன் மவன் கேட்டு இல்லன்னு சொல்ல யாருக்கு அண்ணி வாய் வரும்? வெடிக்கட்டும். நாங்க தண்ணி ஓஸ வச்சுக்கிட்டு நிக்கிறோம்" என்றார். ராத்திரிக்குள் நாலு பேரிடம் பேசிவிட்டு, எல்லாரும் சரி என்கிறார்கள் என்று வந்து சொன்னார். ஆகவே ஊர் சம்மதித்துவிட்டது தம்பி. சம்மதிக்காதது நான் ஒருத்திதான்.

நான் போனில் தயங்கியபோது நீ ஒன்று சொன்னாய். "அப்பாவ கரைமேல போட்டுட்டு ஓடுன ஊரும்மா அது. அது எனக்குச் சட்டம் சொல்ல வேணாம்" என்றாய். அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா போனதிலிருந்து நீ ஊருக்கு வந்தால் இரண்டு நாளுக்கு மேல் தங்குவதில்லை, கரைப்பக்கம் போவதில்லை, மாரிமுத்துச் சித்தப்பா எதிரில் வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறாய். காரணம் இதுதான் என்று எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று தெரியவில்லை. சத்துணவுக் கூடத்தில் இத்தனை வருஷம் அமைப்பாளராக இருந்து, எந்தப் பிள்ளைக்கு எப்போது பசிக்கும் என்று முகம் பார்த்தே சொன்னவள் நான். என் பிள்ளை முகத்தை மட்டும் படிக்கத் தெரியவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். போனில் என்றால் நடுவில் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். இதைப் படம் பிடித்து உனக்கும் மருமகளாக வரப்போகிற பவித்ராவுக்கும் அனுப்புவேன். ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போடுவேன், அவர்களுக்கும் இதில் சேதி இருக்கிறது.

பவித்ரா கும்பகோணத்தில் கடைத்தெருவில் வளர்ந்த பெண், அவளுக்குப் புரிய வேண்டுமே என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். எங்கள் ஊர்த் தெருவுக்கு வடக்கே கொள்ளிடக் கரை, ஒரு ஆள் உயரத்துக்கு மேல் மண் மேடு. அதில் ஏறி இறங்கினால் படுகை. வாழைத் தோட்டங்கள், அதைத் தாண்டி ஆள் மறையும் நாணல், அப்புறம் மணல், அப்புறம்தான் ஆறு. நம் சுடுகாடும் அந்த மணலோரம்தான். ஐப்பசியில் நாணல் பச்சையாக, பார்க்கக் குளுமையாக இருக்கும். பங்குனியில் போய்ப் பார்த்தால் வெறும் சருகு, காற்று அடித்தால் சலசலவென்று பேசும். ஒரு பீடி போதும். காவிரித் தண்ணீர் பாயும் ஊரில் காடு எரிவதா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். தண்ணீர் இல்லாத மாதங்களில் வந்து பார்த்தால் சிரிப்பு வராது.

நீ கைப்பிள்ளையாக இருந்தபோது அப்படி ஒரு சித்திரையில் பற்றியது. யார் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. நடுவில் இவ்வளவு பெரிய கரை இருக்கிறதே, நமக்கென்ன என்று பாதி ஊர் கரைமேல் நின்று வேடிக்கை பார்த்தது. நானும் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தேன். நாணல் பூ நெருப்போடு எழும்பிக் கரையைத் தாண்டிப் பறக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொன்றாக மிதந்து வந்து கொல்லைகளில் இறங்கியது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் வைக்கோல் போர், அதை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை, அதற்குள் மாடு. உன் அப்பா கருக்கரிவாளால் கயிற்றை அறுத்துச் செவலையை அடித்து விரட்டியதை மட்டும் பார்த்தேன். அதற்குள் கொட்டகை உட்கார்ந்துவிட்டது. மனுஷ உயிர் போகவில்லை, அது மாரியம்மன் புண்ணியம். ஆனால் வடக்குத் தெருவில் கூரை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

அதைவிட உன் அப்பாவைக் கடைசிவரை உறுத்தியது வேறு. டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி சீக்கிரமாகவே வந்துவிட்டது. ஆனால் ஊருக்குள் வர முடியவில்லை. ரோடு முழுக்க நாம் உளுந்துச் செடியைப் பிடுங்கிக் காயப் போட்டிருந்தோம். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்துக் காயை உதிர்த்துவிட்டால் அடிக்கிற வேலை மிச்சம், நம் பக்கத்தில் எல்லா ஊரிலும் செய்வதுதான். காய்ந்த கொடி சக்கரத்தில் சுற்றி, சூட்டில் வண்டியே பற்றிக்கொள்ளுமோ என்று டிரைவர் பயந்து நின்றுவிட்டார். பொம்பளைகள் எல்லாம் விழுந்தடித்துக்கொண்டு கை கையாக அள்ளி ஓரத்தில் போட்டோம். அந்த நேரத்திலும் ஒரு குரல், "பாத்து அள்ளுங்கடி, உளுந்து கொட்டிப்போவுது" என்றது. வடக்கே வீடு எரிகிறது, இங்கே உளுந்து கொட்டுகிறதாம். அந்தக் குரல் யாருடையது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், அவர் இப்போது உயிரோடு இல்லை, போகட்டும்.

அடுத்த மாசியில் உன் அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு படுகைக்குப் போனார். நாணலுக்கும் வாழைத் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதை அகலத்துக்குப் புல், பூண்டு, சருகு எல்லாவற்றையும் செதுக்கி வெறும் மண்ணாக்கிவிட்டால் நெருப்பு தின்ன ஒன்றும் இருக்காது, பசியோடு அங்கேயே நின்றுவிடும், பூவும் கரைப்பக்கம் எழும்பாது என்பது அவர் கணக்கு. முதல் வருஷம் அவரும் நானும்தான். உன்னைத் தூளியில் போட்டு வாழைக்கு நடுவில் தொங்கவிட்டிருந்தேன். மாரிமுத்து கரைமேல் நின்று, "என்னண்ணே, கொள்ளிடத்துக்கு வகிடு எடுக்குறியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஆமா, அடுத்து ஒனக்குத் தாலாட்டுப் பாடித் தலைவாரி விடுறோம், எறங்கி வாய்யா" என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டு இறங்கினார். அவர் இறங்கியதும் பின்னால் இன்னும் சிலர். இப்படித்தான் தம்பி மாசிச் செதுக்கு ஆரம்பமாயிற்று. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதவில்லை.

அப்புறம் வீட்டுக்கு ஒரு ஆள் என்றாயிற்று. ஒவ்வொரு வீட்டுக்கும் செதுக்கில் ஒரு பங்கு. நமக்கு மேற்குக் கடைசி, சுடுகாட்டுப் பாதையை ஒட்டிய இடம். அது யாருக்கும் வேண்டாத இடம் என்று உன் அப்பாவே கேட்டு வாங்கிக்கொண்டார். வைக்கோல் போரெல்லாம் கொல்லையை விட்டுத் திடலுக்குப் போயிற்று. ரோட்டில் உளுந்து போட்டால் பாதி ரோடுதான், மறு பாதி வண்டிக்கு. படுகையில் மோட்டார் வைத்திருப்பவர்கள் நீள ஓஸைச் சுருட்டிக் கொட்டகையிலேயே வைத்திருக்க வேண்டும். எங்கே புகை தெரிந்தாலும் கோயில் மைக் செட்டில் சொல்ல வேண்டும். அத்தனைக்கும் அவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்றிருக்கிறார். சில வாசலில் காபி கொடுத்தார்கள், சில வாசலில் நாயை அவிழ்த்து விட்டார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் எரிந்து விழுவார். "ஊருக்குப் பொறுமையா பேசிட்டு எனக்கு மட்டும் என்ன?" என்பேன். "ஒங்கிட்ட கோவப்படாம யாருகிட்ட படுறது?" என்பார். அதில் ஒரு நியாயம் இருந்தது, ஆனால் ஒத்துக்கொண்டதில்லை.

செதுக்கு நாள் என்றால் எனக்கு இப்போதும் புளிச்சோற்று வாசனைதான் முதலில் வருகிறது. படுகையில் அடுப்பு மூட்டக்கூடாது என்று வீட்டிலேயே கிண்டி, பெரிய குண்டானில் தூக்கிக்கொண்டு போவோம். அவித்த பனங்கிழங்கு, குடத்தில் நீர்மோர். வாழை நிழலில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது உன் அப்பா மட்டும் கையில் உருண்டையோடு செதுக்கின் நீளத்துக்கு நடந்து பார்ப்பார். பிளஸ் டூ படிக்கும்போது நீ காதில் வயரை மாட்டிக்கொண்டு வந்து செதுக்கினாய். "எலி பறிச்ச மாரி இருக்குடா" என்று அவர் சொன்னார். நீ கோபத்தில் மறுபடி முதலிலிருந்து செதுக்கிக் கை கொப்பளித்துப் போனது. ராத்திரி அவர் உனக்குத் தெரியாமல் உன் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவினார். நீ தூங்கிவிட்டாய் என்று நினைத்தார். நீ தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நாட்கள் எனக்குத் திரும்ப வேண்டும் போல இருக்கிறது தம்பி. வேறு எதுவும் வேண்டாம், அந்த ஒரு மாசி போதும்.

அவருக்கு வெடி பிடிக்காது என்று மட்டும் பவித்ரா நினைத்துவிடக்கூடாது. தீபாவளிக்கு அந்த மனுஷன் செய்த அமர்க்களம் ஊருக்கே தெரியும். ஐப்பசி மழை, நாணல் ஈரமாக நிற்கும், "இன்னிக்கு வெடிக்காம என்னிக்கு வெடிக்கிறது" என்று விடியுமுன்னே தெருவை எழுப்பிவிடுவார். உன்னைவிட அவர்தான் சரத்துக்குச் சண்டை போடுவார். அப்படிப்பட்டவர், மாசி பிறந்துவிட்டால் மத்தாப்புக் குச்சியைக்கூட வீட்டில் வைக்கவிட மாட்டார்.

அவர் போனது பங்குனியில். தோட்டத்தில் மார் வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நீ விமானத்தில் வந்து சேர்ந்தாய், அன்று மாலையே எடுத்தார்கள். மாரிமுத்துச் சித்தப்பாவுக்கு ஒரே ஆற்றாமை. ஊருக்கே தலைவர் மாதிரி இருந்த அண்ணனை வெடிச்சத்தம் இல்லாமல் கொண்டுபோவதா, அநாதைப் பிணமா என்று அழுதுகொண்டே போய் வெடி வாங்கி வந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் பாடையில் படுத்திருந்தார். அவர்மேல் வைத்த மரியாதையினாலேயே அவர் சொன்னதை மீறினார்கள் தம்பி. நம் ஜனங்களால்தான் இப்படிச் செய்ய முடியும். இப்போது உன்மேல் வைத்த பாசத்தினால் மறுபடியும் மீறப்போகிறார்கள். அதனால்தான் நான் மாட்டேன் என்கிறேன்.

நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நீ பார்த்த பக்கம் மட்டும்தான் தெரியும். கொள்ளிச்சட்டியோடு நீ முன்னால் கரையிறங்கிச் செதுக்கு வரை போய்விட்டாய். பாடை கரைமேல் வந்துகொண்டிருந்தது. முன்னால் போன யாரோ போட்ட சரம் சிதறி நாணலில் விழுந்து, கிழக்கே பிடித்துக்கொண்டது. பாடையைக் கரைமேல் அரசமரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் ஓடினார்கள். உன்னைப் பார்த்து, "தம்பி, சட்டியோட இங்க வராத, அங்கயே நில்லு!" என்று கத்தினார்கள். சட்டியைக் கீழே வைக்கவும் கூடாது. அத்தனை பேரும் நெருப்பை அணைக்க, நீ ஒருவன் மட்டும் நெருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். நடுவில் புகை. கரைமேல் உன் அப்பா என்ன ஆனார் என்று உனக்குத் தெரியவில்லை. தனியாகக் கிடக்கிறார் என்று நினைத்தாய். இத்தனை நாளும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

அவர் தனியாக இல்லையடா.

பாடை தெரு தாண்டியதும் எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அப்போதுதான் மைக் செட்டில் படுகையில் தீ என்று சொன்னார்கள். பொம்பளைகள் தெருமுனையைத் தாண்டி வரக்கூடாது என்பதெல்லாம் யாருக்கு நினைவிருந்தது? குடத்தைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓடினோம். நானும் ஈரப்புடவையோடு ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கரை ஏறியதும் மாரிமுத்து பொண்டாட்டி செல்வி என் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கினாள். "இத நாங்க பாத்துக்கிறோம் அக்கா. மாமா தனியா இருக்காங்க. நீங்க போயி அவங்ககிட்ட இருங்க" என்றாள். ஊர் அவரைப் போட்டுவிட்டு ஓடவில்லை தம்பி. என்னை அவரிடம் உட்கார வைத்துவிட்டுத்தான் ஓடியது.

அரசமரத்தடியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாலை ஒருபக்கம் சரிந்திருந்தது, நேராக்கினேன். சாம்பல் பறந்துவந்து முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது, ஈர முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் என்ன தோன்றியதோ, நடப்பதை எல்லாம் அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லாவிட்டால் தவித்துப்போவாரே. "மோட்டார் எடுத்துடுச்சிங்க, நம்ம கொட்டா மோட்டார்தான். ஓஸ இழுத்துட்டாங்க. மாரிமுத்து ஈரச் சாக்க வச்சு அடிக்கிறாரு, அழுதுக்கிட்டே அடிக்கிறாரு, திட்டாதீங்க. கெழக்கால செதுக்கு வரைக்கும் வந்துடுச்சி" என்றேன். நெருப்பு வெறும் மண்ணில் வந்து நின்றது. அங்கேயும் இங்கேயும் தேடியது. தாண்டவில்லை. "தாண்டலைங்க" என்றேன். "ஒங்க செதுக்கத் தாண்டலை. தெருவுக்கு ஒண்ணும் ஆவலை." எங்கள் கல்யாணத்திலிருந்து அவரிடம் நான் சொன்ன சேதிகளிலேயே நல்ல சேதி அதுதான்.

இதை உன்னிடம் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். பொம்பளை கரைவரை போனாளா என்று உறவில் யாராவது பேசுவார்களோ என்ற பயம் கொஞ்சம். மிச்சமெல்லாம் என் சுயநலம். எல்லாரும் எடுத்துக்கொண்டு போன பிறகு எனக்கு மட்டும் அவர் இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்தார். அதை யாரோடும் பங்கு போட மனசு வரவில்லை. உனக்கு இப்படி வலிக்கும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. நீ வராத மாசிகளில் நம் வீட்டுப் பங்கை மாரிமுத்துச் சித்தப்பாதான் செதுக்குகிறார். போன வருஷம் நான் மண்வெட்டியோடு போனேன், முழங்கால் மடங்கவில்லை. அவர் தன் பங்கை முடித்துவிட்டு வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அந்த மனுஷன் வெடிக்கட்டும் என்று உனக்குச் சம்மதித்தது மனசார என்று நினைக்காதே. உனக்கு இல்லை என்று சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்று நினைக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை பேசு.

வெடிக்கு ஆர்டர் கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கட்டும். தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டில் போய் வெடி, கும்பகோணமே காதைப் பொத்திக்கொள்ளட்டும், உன் அப்பா சந்தோஷப்படுவார். கல்யாணத்துக்கு நாதஸ்வரமும் தவிலும் போதும். அதற்குமுன் மாசியில் லீவு போட்டுவிட்டு வா. மாசிச் செதுக்குக்கு நம் வீட்டிலிருந்து ஒரு ஆள் வேண்டும். பவித்ரா வேடிக்கை பார்க்க வருவதானால் அவளுக்கும் புளிச்சோறு உண்டு. மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டு வைத்திருக்கிறேன்.

உன் அப்பாவுக்கு அன்று நான் கடைசியாகச் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். தீ அடங்கி, பாடையைத் தூக்க ஆட்கள் கரையேறி வந்துகொண்டிருந்தார்கள். புகை கொஞ்சம் விலகியது. கீழே நீ தெரிந்தாய், சட்டியைக் கையில் பிடித்தபடி, அப்படியே. அவர் காதருகில் குனிந்து, "பையன் எங்கன்னுதானே கேக்குறீங்க? பத்திரமா இருக்கான். நம்ம பங்குலதான் நிக்கிறான்" என்றேன்.

அம்மா